முதுகில் வீட்டைச் சுமக்கும் பிக்கப்: டயர், ரிம் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

யூட்டா மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையைப் பிடித்து கிரீன் ரிவரிலிருந்து மேற்கே கிளம்பினால், சலைனா வரும்வரை 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. நடுவில் சான் ரஃபேல் ஸ்வெல் என்கிற பாறை மேடு. ஒரு ஜூலை மாத மதியம், அந்த ஏற்றத்தில் எங்கள் பிக்கப்பின் இடது பின் டயர் போய்விட்டது. காற்று இறங்கவில்லை, மேல்பட்டை அப்படியே உரிந்தது. உரிந்த பட்டை சக்கர வளைவை அடித்து நொறுக்கி, மேலே இருந்த கேம்பரின், அதாவது பிக்கப்பின் முதுகில் ஏற்றி வைக்கும் குட்டி வீட்டின், அடிப்பலகையையும் கிழித்தது. வண்டியை ஓரம்கட்ட முடிந்தது, யாருக்கும் அடியில்லை. ஆனால் டோ வண்டி வரும்வரை நிழலே இல்லாத அந்தச் சாலையோரத்தில் மகளோடு உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கப் போவதில்லை.

அந்த டயர் மாட்டி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. வண்டியோடு வந்த கம்பெனி டயரைவிட உயரம், அகலம், விலை எல்லாமே கூடுதல். "10 ப்ளை, எதையும் தாங்கும்" என்று கடையில் சொன்னார்கள், ப்ளை என்பது டயரின் அடுக்குப் பலத்தைச் சொல்லும் எண், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கழற்றிப் போட்ட கம்பெனி டயரைவிட இது ஒவ்வொன்றும் 555 பவுண்டு குறைவாகத் தாங்கும் டயர். பெரிய டயர் என்றால் பலமான டயர் என்று நினைத்துவிட்டேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வாங்கி, அதன் தொட்டியில் கேம்பரை இறக்கி வைத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பும் நம்மவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் டயர் கடைக்குப் போகும் முன் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். பிராண்டு, தோற்றம், விலை எல்லாம் கடைசியில்தான் வரும். முதலில் எடை.

1. கேம்பரை ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள்

கேம்பரின் விளம்பரத் தாளில் இருக்கும் எடையை மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் தண்ணீர், கேஸ், பேட்டரி, ஏசி, வெயில் மறைப்பு எதுவும் சேராத வெறும் கூட்டின் எடை. எங்கள் கேம்பர் தாளில் 2,750 பவுண்டு. மேடையில் ஏற்றியபோது கேம்பரும் அதில் இருந்த சாமானும் சேர்ந்து 3,940. தண்ணீர் மட்டும் ஒரு கேலனுக்கு 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 334 பவுண்டு. மீதியெல்லாம் ஜெனரேட்டர், இரண்டாவது பேட்டரி, அரிசி மூட்டை, சைக்கிள், கருவிப் பெட்டி என்று நாமே ஏற்றியதுதான்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற பெயர்ப்பலகையோடு எடை மேடை இருக்கும். தனித்தனித் தட்டுகளாக இருக்கும் அதில், முன் சக்கரங்கள் ஒரு தட்டிலும் பின் சக்கரங்கள் அடுத்த தட்டிலும் நிற்கிற மாதிரி நிறுத்துங்கள். பட்டனை அழுத்தினால் உள்ளே இருப்பவர் பேசுவார், எடை போட வந்திருப்பதாகச் சொன்னால் போதும். பெரிய செலவு இல்லை. முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று அச்சடித்துத் தருவார்கள்.

எடை போடும் நாளில் வண்டி, நீங்கள் ஊருக்குக் கிளம்பும் நாளில் இருப்பது போலவே இருக்க வேண்டும். டீசல் டேங்க் நிரம்பியிருக்கட்டும், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கட்டும், குடும்பம் முழுவதும் உள்ளே உட்காரட்டும். "தண்ணியை அங்கே போய் நிரப்பிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு காலித் தொட்டியோடு எடை போட்டால், அந்தச் சீட்டு ஒரு நாள் உங்களைக் கவிழ்த்துவிடும். இன்னொரு நாள் கேம்பரை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் எடை போடுங்கள்.

எங்கள் சீட்டுகள் இப்படி இருந்தன. கேம்பர் இல்லாமல் முன் அச்சு 4,480, பின் அச்சு 3,020. கேம்பரோடு முன் அச்சு 4,600, பின் அச்சு 6,840. ஏற்றிய 3,940 பவுண்டில் 120 மட்டும் முன்னே போயிருக்கிறது, மீதி 3,820 முழுக்க பின் அச்சின் தலையில். கேம்பர் என்றாலே அப்படித்தான். இழுத்துப் போகும் ட்ரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்களே தாங்கும். கேம்பருக்குச் சக்கரம் கிடையாது, அதன் முழு பாரமும் உங்கள் பின் டயர்களுக்குத்தான்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 6,840 என்றால் டயருக்கு 3,420 என்று பாதியாக வகுத்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேம்பருக்குள் ஒரு பக்கம் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பேட்டரி. மறு பக்கம் மேசையும் அலமாரியும். வெளியே தள்ளி விரியும் ஸ்லைட் அறை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சாய்வு இன்னும் கூடும். ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடை போட வழியிருந்தால் போட்டுவிடுங்கள். எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி (வீட்டு வசதி கொண்ட வண்டி) பயணிகள் சங்கம் ஸ்மார்ட்வெய் என்ற பெயரில் இதைச் செய்து தருகிறது. சில மணல், ஜல்லி வியாபாரிகளின் மேடையில், அனுமதி கேட்டு, ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் ஏறும்படி நிறுத்தியும் பார்க்கலாம். தரை சமமாக இருந்தால் மட்டும் அந்த எண்ணை நம்பலாம். எங்களுக்கு இடது பின் சக்கரம் 3,560, வலது 3,280. பிய்ந்தது எந்தப் பக்கம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே டயர் தேட வேண்டிய எண் 3,420 கிடையாது, 3,560. கனமான பக்கத்தை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

2. கதவு ஓரத்து ஸ்டிக்கர் சொல்லும் எல்லை

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். வண்டியின் மொத்த எடை எல்லை, முன் அச்சின் எல்லை, பின் அச்சின் எல்லை, கம்பெனி டயர் அளவு, குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். மொத்த எல்லை 10,000 பவுண்டோ அதற்குக் கீழோ இருக்கும் வண்டிகளில், ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று சொல்லும் இன்னொரு சிட்டையும் ஒட்டியிருக்கும். முன்னறைப் பெட்டியில் வண்டிக் காகிதங்களோடு, கேம்பரின் ஈர்ப்பு மையம் பிக்கப்பின் தொட்டியில் எந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்று காட்டும் தாளும் இருக்க வேண்டும். அதையும் எடுத்துப் பாருங்கள். மையம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். அதை எந்த டயராலும் சரிசெய்ய முடியாது.

பின் அச்சின் எல்லை என்பது அச்சு, பட்டை ஸ்பிரிங், ரிம், டயர் என்ற சங்கிலியில் எது பலவீனமோ அதை வைத்துத் தீர்மானிப்பது. பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள, ஒரு டன் வகை என்று அழைக்கும் கனமான பிக்கப்புகள் பலவற்றில் அச்சு உலோகம் இன்னும் நிறையத் தாங்கும். டயரும் ரிம்மும்தான் குறுக்கே நிற்கும். அதனால் "கனமான டயர் போட்டுவிட்டேன், இனி எல்லை கூடிவிட்டது" என்று வாதிடுபவர்கள் உண்டு. டயர் மாற்றினால் டயரின் தாங்குதிறன் மட்டும்தான் கூடும். ஸ்டிக்கரில் அச்சடித்த எண் மாறாது, பிரேக்கும் ஃபிரேமும் பழையவையேதான். ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை (ஏர் பேக்), கூடுதல் ஸ்பிரிங் இவற்றுக்கும் இதே பதில். வண்டி குனியாமல் நிமிர்ந்து நிற்கும், ஆட்டம் குறையும். டயர் மேல் விழும் பாரத்தில் ஒரு பவுண்டுகூடக் குறையாது.

எடைச் சீட்டில் இருக்கும் எண் ஸ்டிக்கரைத் தாண்டியிருந்தால் டயர் தேடுவதை நிறுத்துங்கள். சாமானைக் குறையுங்கள், அல்லது சிறிய கேம்பர், அல்லது பெரிய வண்டி. அரை டன் வகை என்று அழைக்கும் லேசான பிக்கப் வைத்திருப்பவர்கள் மடித்து உயர்த்தும் லேசான கேம்பரோடு நின்றுகொள்வது நல்லது. அந்த வண்டிகள் பலவற்றில் கார் வகை டயர்தான் வரும், அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

3. டயரின் பக்கச்சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்டி 275/70ஆர்18 125/122எஸ், லோட் ரேஞ்ச் ஈ என்று ஒரு டயரில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் எல்டி, இது லைட் ட்ரக் டயர் என்று சொல்கிறது. அந்த இடத்தில் பி என்ற எழுத்து இருந்தாலோ எழுத்தே இல்லாமல் இருந்தாலோ அது கார் வகை. கார் வகை டயரை ட்ரக்கில் போடும்போது அதில் எழுதியிருக்கும் தாங்குதிறனை 1.10 ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள விதி. கனமான கேம்பருக்கு அந்த வகை வேண்டவே வேண்டாம்.

அடுத்து 275 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. நமக்கு உயிர்நாடியான எண் அதற்குப் பிறகு வரும் 125. அது நேரடி எடை கிடையாது, ஒரு அட்டவணையின் வரிசை எண். 125 என்றால் 1,650 கிலோ, அதாவது 3,640 பவுண்டு. பக்கத்தில் இருக்கும் 122, பின்னால் இரட்டைச் சக்கரமாக மாட்டும்போது ஒரு டயருக்கு உரியது, 3,305 பவுண்டு. கடைசி எழுத்து வேகம்: க்யூ என்றால் மணிக்கு 99 மைல், ஆர் என்றால் 106, எஸ் என்றால் 112.

லோட் ரேஞ்ச் எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறோம். பொதுவாக சி என்றால் 6 ப்ளை, உச்சக் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). டி என்றால் 8 ப்ளை, 65. ஈ என்றால் 10 ப்ளை, 80. ஒரே அளவில் இந்த எழுத்து மாறினால் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்: எல்டி 265/75ஆர்16 சி டயர் 2,470 பவுண்டு தாங்கும், அதே அளவில் ஈ டயர் 3,415. இதைப் பார்த்துவிட்டு, ஈ என்று இருந்தால் போதும் என்று முடிவுக்கு வந்தால் என் கதை உங்களுக்கும் நடக்கும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அளவு மாறினால் தாங்குதிறன் மாறும்.

நான் மாட்டியது 35x12.50ஆர்20 என்று அங்குலக் கணக்கில் எழுதும் வகை. லோட் ரேஞ்ச் ஈ தான், 10 ப்ளைதான். ஆனால் இந்த அளவில் ஈ டயருக்கு உச்ச அழுத்தம் 65 பிஎஸ்ஐ, எண் 121, தாங்குவது 3,195 பவுண்டு. அதே அளவில் அடுத்த எழுத்தான எஃப் வகை வாங்கியிருந்தால் 80 பிஎஸ்ஐயில் 3,640 கிடைத்திருக்கும். என் கம்பெனி டயர் எல்டி 275/65ஆர்20, எண் 126, அது 80 பிஎஸ்ஐயில் 3,750. நான் அதைக் கழற்றி விற்றுவிட்டு, 3,560 பவுண்டு அழுத்தும் சக்கரத்துக்கு 3,195 தாங்கும் டயரைக் காசு கொடுத்து மாட்டியிருக்கிறேன். 365 பவுண்டு அதிகச் சுமை, ஜூலை வெயில், ஏற்றம். அது ஒன்பது மாதம் ஓடியதே பெரிது.

பாரம் ஏன் டயரை உரிக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். டயரைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்திருக்கும் காற்று. காற்று போதாமல் சுமை கூடினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கல் சூடாகிறது, சூடு ரப்பருக்கும் எஃகு வலைக்கும் நடுவே உள்ள ஒட்டைத் தளர்த்துகிறது, ஒரு நாள் பட்டை கழன்றுகொள்கிறது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்திலும் மையப் பிரச்சினை இப்படிப் பட்டை உரிந்ததுதான். குறைந்த காற்றழுத்தம், சூடு, சுமை இவற்றின் பங்கு அப்போது விரிவாகப் பேசப்பட்டது. அமெரிக்காவில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்.

4. அளவைத் தேர்ந்தெடுப்பது

இப்போது 3,560 என்ற எண்ணோடு வரிசையாகப் பார்ப்போம்.

எல்டி 245/75ஆர்17 ஈ: 3,195 பவுண்டு. போதாது. எல்டி 275/65ஆர்18 ஈ: 3,415. போதாது. எல்டி 275/70ஆர்18 ஈ: 3,640. காகிதத்தில் போதும், ஆனால் மிச்சம் 80 பவுண்டுதான். வளைவில் வண்டி சாயும்போது, பக்கக் காற்று அடிக்கும்போது, ஒரு பக்க டயர் மேல் அதைவிட நிறையக் கூடும். எல்டி 275/65ஆர்20 ஈ: 3,750, மிச்சம் 190. அச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 6,840க்கு 7,500, கிட்டத்தட்ட 10 சதவீத இடம். ஒற்றைச் சக்கர வண்டியில் சாதாரண எல்டி டயருக்கு நான் இதைத்தான் கீழ் எல்லையாக வைத்துக்கொள்கிறேன்.

நான் கடைசியில் செய்தது இதுதான்: அகல ரிம்மை விற்றுவிட்டு, கம்பெனி ரிம்மும் கம்பெனி அளவு டயரும் மறுபடி மாட்டினேன். பேட்டரிகளையும் கருவிப் பெட்டியையும் வலது பக்கத்துக்கு மாற்றினேன். முகாமில் தண்ணீர் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பயணங்களில் கால் தொட்டியோடு போகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் கேம்பரோடு ஓட்டுபவருக்கு இது போதும்.

5. அதற்கும் மேல்: 19.5 அங்குலமும் இரட்டைச் சக்கரமும்

கேம்பரை இறக்காமலே வருடம் முழுவதும் சுற்றுபவர்கள், ஸ்லைட் அறைகள் வைத்த பெரிய கேம்பர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 19.5 அங்குல ரிம்மில் வருவது வணிக வண்டி டயர்; டெலிவரி வண்டிகளிலும் ஃபோர்டு எஃப்-450, எஃப்-550 வண்டிகளிலும் பார்த்திருப்பீர்கள். 225/70ஆர்19.5 லோட் ரேஞ்ச் ஜி, 110 பிஎஸ்ஐயில் 3,970 பவுண்டு தாங்கும். 245/70ஆர்19.5 ஜி, அதே அழுத்தத்தில் 4,540. பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் உயரமான கேம்பர் இடவலமாக ஆடுவது குறையும்.

இதற்கான விலையும் சொல்லிவிடுகிறேன். கேம்பரை இறக்கிவிட்டால் வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும் வித்தை இதில் செல்லாது. வேக எல்லையும் குறைவு, பல டயர்களில் எல் குறியீடு, அதாவது 75 மைல். டெக்சஸ் 130ஆம் எண் சாலையில் 85 மைல் பலகையைப் பார்த்து மிதிக்கிற ஆசை இருந்தால் இந்த டயர் வேண்டாம். உயரமும் பாருங்கள்: 225/70 சுமார் 32 அங்குலம், 245/70 சுமார் 33. கம்பெனி டயர் 275/70ஆர்18 என்றால் அதுவும் 33 என்பதால் 245/70 பொருந்திப்போகும். மற்றபடி ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும், கியர் கணக்கும் மாறும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னும் ஒரே உயரம் இருந்தே ஆக வேண்டும்.

இரட்டைச் சக்கர வண்டி, இங்கே டூவலி என்பார்கள், பெரிய கேம்பருக்கு என் மனதுக்குச் சரியான விடை. எல்டி 235/80ஆர்17 ஈ டயர் இரட்டையாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 2,835 பவுண்டு, நான்கு சேர்ந்து 11,340. ஒன்று போனாலும் ஓரம்கட்ட இன்னொன்று நிற்கும். ஆனால் ஜோடி டயர்கள் இரண்டும் ஒரே உயரம், ஒரே தேய்மானம், ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரியதே முழுச் சுமையையும் வாங்கிக்கொண்டு சூடாகும். ஜோடியில் அகலமான டயர் போட்டால் இரண்டு பக்கச்சுவர்களும் உரசும். உள் டயரின் வால்வு எட்டவில்லை என்று காற்றுப் பார்க்காமல் விடுபவர்கள் நிறைய, நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: கேம்பரின் முன் மூலை ஜாக்கிகள் இரண்டும் அகலமான பின் சக்கரத்துக்கு இடம் விட வெளியே விரியும் தாங்கிகளோடு இருக்க வேண்டும். வண்டி வாங்கிய பிறகு, கேம்பர் ஏற்றும்போது இது தெரியவந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

6. ரிம்

டயருக்கு நான்கு நாள் ஆராய்ச்சி செய்பவர்கள்கூட ரிம்மைத் தோற்றத்துக்காக வாங்கிவிடுகிறார்கள். ரிம்முக்கும் தாங்குதிறன் உண்டு. பின்பக்கத்தில் பொறித்திருக்கும், கழற்றித் திருப்பினால் தெரியும். 3,750 தாங்கும் டயரை 2,800 தாங்கும் ரிம்மில் மாட்டினால் உங்கள் கையில் இருப்பது 2,800 தான். எண் பொறிக்காத ரிம், எண்ணைச் சொல்லத் தயங்கும் கடை, இரண்டையும் விட்டு விலகுங்கள். வெளிச்சந்தை ரிம்களுக்கு எஸ்ஏஇ ஜே2530 என்ற சோதனைத் தரம் இருக்கிறது, அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

போல்ட் அமைப்பு பொருந்துவது அடுத்தது. எட்டு நட்டு என்றாலே எல்லாம் ஒன்று கிடையாது. ஒற்றைச் சக்கர ஃபோர்டு சூப்பர் ட்யூட்டி 170 மில்லிமீட்டர் வட்டம், 2011க்குப் பிந்தைய ஜிஎம் கனரக பிக்கப் 180, ராம் 2500 வண்டிகள் 165.1. இதை மாற்றும் அடாப்டர்களையும், ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசர்களையும் கேம்பர் சுமக்கும் வண்டியில் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சக்கரம் வெளியே போகப் போகப் பேரிங் மேல் விழும் நெம்புவிசை கூடும். 12.50 அங்குல டயருக்குக் குறைந்தது 8.5 அங்குல அகல ரிம் வேண்டும் என்பதால், பெரிய டயர் வாங்கும்போதே இந்தச் சிக்கலும் கூட வந்துவிடுகிறது.

நடுத் துளை அச்சின் மேட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். நட்டு வகையும் ரிம்முக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், பழைய நட்டையே போட்டு முறுக்குவது கூடாது.

7. பட்டன் வகை

பட்டன் என்பது டயரின் மேல்பட்டையில் சாலையைப் பிடிக்கும் கட்டைகள். இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தார் ரோட்டில்தான் பெரும்பாலும் ஓடுகிறீர்கள் என்றால் நெடுஞ்சாலை வகை, இல்லையென்றால் தாரிலும் மண்ணிலும் ஓடும் மிதமான ஆல்-டெரெய்ன். சேற்று டயரின் உயரமான பட்டன் கட்டைகள் பாரத்தில் நெளியும், கேம்பர் ஆடும், சூடும் கூடும். குளிர்காலத்தில் மலைக்குப் போவதாக இருந்தால் மூன்று சிகரத்துக்குள் பனிச்சில்லு வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். கொலராடோவில் ஐ-70 சாலையில் மாரிசனுக்கும் டாட்செரோவுக்கும் நடுவே செப்டம்பர் முதல் மே வரை 3/16 அங்குலப் பட்டன் ஆழம் கேட்பார்கள். க்யூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம்.

8. கடையில் மாட்டும் நாள்

டயரை ஏற்றும் முன் தேதியைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம், வாரமும் வருடமும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கேம்பர் வண்டிகள் ஓடுவதைவிட நிற்பது அதிகம், பட்டன் தேயும் முன்னே ரப்பர் கிழடாகிவிடும். ஆறு வருடம் ஆன டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் கேம்பருக்கு நம்புவதில்லை.

வால்வைக் கேளுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 அடிக்கப் போகிறீர்கள் என்றால் உயர் அழுத்த வால்வு அல்லது உலோக வால்வு வேண்டும். பல கடைகளில் சொன்னால்தான் போடுவார்கள்.

நட்டுகளை இயந்திரத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்பிவிடாமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். ஃபோர்டு சூப்பர் ட்யூட்டிக்கு 165 அடி-பவுண்டு, ஜிஎம் கனரக பிக்கப்புக்கு 140. உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். 50 முதல் 100 மைல் ஓடியதும் நீங்களே மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புது ரிம் உட்காரும்போது சில நட்டு தளரும், அது கடைக்காரரின் தவறு கிடையாது. பிறகு கேம்பரை ஏற்றிய நிலையில் அலைன்மென்ட். பாரமில்லாமல் சரிபார்த்த கோணம் 4,000 பவுண்டு ஏறியதும் மாறிவிடும். எல்லாக் கடைக்கும் அந்த உயரத்துக்கு இடம் இருக்காது, கனரக வண்டி பார்க்கும் கடையாகத் தேடுங்கள்.

9. காற்று

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருந்தால்தான் குளிர்ந்த டயர். கம்பெனி அளவு டயர் என்றால் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம்தான் அடிப்படை. வேறு அளவு மாட்டியிருந்தால் டயர் நிறுவனத்தின் சுமை-அழுத்த அட்டவணையை எடுத்து, உங்கள் அளவின் வரியில் கனமான சக்கரத்தின் எடையைத் தேடி, அந்த எடையையோ அதற்குமேலோ தாங்கும் அழுத்தத்தை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடியுங்கள். கேம்பரை இறக்கிய பிறகும் பின்னால் 80 வைத்தே ஓட்டினால் நடுப் பட்டன் மட்டும் தேயும், ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். அதே அட்டவணையைப் பார்த்துக் குறையுங்கள்.

10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ என்று சொல்வார்களே, அது கார் டயருக்கு. 80 பிஎஸ்ஐ டயரில் அது 2க்குக் கொஞ்சம் குறைவு. உயரமும் சேர்ந்துகொள்ளும். டெத் வேலியில் 100 டிகிரி வெயிலில் குளிர்ந்த டயருக்கு 80 வைத்துவிட்டு, டென்வரில் 40 டிகிரி விடியலில் அளந்தால் கிட்டத்தட்ட 72 தான் இருக்கும். அதனால் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு ஏறும் பயணத்தில் மறுநாள் காலை அளக்காமல் கிளம்பாதீர்கள். ஓடிச் சூடான டயரில் 90 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவதும் கூடாது, அது அப்படித்தான் கூட வேண்டும்.

எச்சரிக்கை விளக்கை நம்பி இருக்காதீர்கள். சட்டப்படி அது 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 80 என்றால் 60. கேம்பரோடு 60 என்பது ஏற்கெனவே ஆபத்து. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இரட்டைச் சக்கர வண்டிகளுக்கும் அந்தக் கட்டாயமும் கிடையாது. வால்வில் திருகும் தனி சென்சார் பெட்டி வாங்குங்கள், வெப்பத்தையும் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

10. ஸ்டெப்னியும் ஜாக்கியும்

நான்கு டயர் மாற்றியவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே தாங்குதிறன், அதே வயதுக்குள் இருக்க வேண்டும். சான் ரஃபேலில் எங்களிடம் ஸ்டெப்னி இருந்தது, கம்பெனி அளவு, பலமானது. ஆனால் அதை இறக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கும் கம்பி, பம்பர் துளை வழியாக நுழைய வேண்டும். கேம்பரின் மடிப்புப் படி அந்தத் துளையை மறைத்துக்கொண்டு நின்றது. வண்டியோடு வந்த ஜாக்கியும் அந்தப் பாரத்தில் திணறியது.

ஆகவே கேம்பரை ஏற்றிய நிலையில், வீட்டு வாசலிலேயே ஒரு தடவை பின் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். 12 டன் பாட்டில் ஜாக்கி, அடியில் வைக்கத் தடித்த பலகை, நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச், 80 பிஎஸ்ஐ வரை நிஜமாகவே ஏற்றும் கம்ப்ரசர் இத்தனையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், கட்டிலுக்கு அடியில் துணி மூட்டைக்குப் பின்னால் வேண்டாம். எங்கள் வண்டியின் மடிப்புப் படி இப்போது இரண்டு ஊசிகளை இழுத்தால் கழன்று வரும். கிளம்பி முதல் 50 மைலில் நிறுத்தி, ஆறுதலாக ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு டயருக்கும் அருகே கையை வைத்து வெப்பம் பார்க்கிறேன். இரண்டு பின் டயர்களில் ஒன்று மட்டும் அதிகம் சூடாக இருந்தால், காரணம் தெரியும்வரை வண்டியை எடுப்பதில்லை.